மூளையின் அளவும் ‘தகுதி’ என்னும் வாதமும்

ஐயப்பன்தாங்கல் பணிமனையில் கல்லூரிக்குப் பேருந்து ஏறும் முதல் தலைமுறை மாணவர்கள் ‘தகுதி’ என்ற சொல்லை ஒருமுறையேனும் கேட்டிருப்பர். அறிவு பிறப்பிலேயே தீர்மானிக்கப்பட்டுவிட்டது என்பதே அச்சொல்லின் உட்பொருள். மூளை ஆய்வு அதை மெய்ப்பிக்கிறதா?

உடலை அளந்து சாதியை நியாயப்படுத்தும் முயற்சி நமக்குப் புதிதன்று. எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885இல் பொறுப்பேற்ற எட்கர் தர்ஸ்டன், பல சாதியினரின் தலையையும் மூக்கையும் அளந்து பதிவுசெய்தார். மூக்கின் அகலம் கூடக்கூடச் சமூகப் படிநிலை தாழும் என்றார் ஹெர்பர்ட் ரிஸ்லி. அண்ணல் அம்பேத்கரோ, தீண்டப்படாதோர் குறித்து 1948இல் வெளியிட்ட நூலில், அத்தகைய அளவுகளைக் கொண்டே பார்ப்பனரும் தீண்டப்படாதோரும் ஒரே இனத்தினர் என வாதிட்டார்.

இன்று அளவுகோலின் இடத்தில் எம்.ஆர்.ஐ. கருவி நிற்கிறது. ஒரு தேர்வில் சிறப்பவர் பிற தேர்வுகளிலும் சிறக்கும் போக்கைக் கண்ட சார்லஸ் ஸ்பியர்மேன், 1904இல் அதற்குப் ‘பொது அறிவுத்திறன்’ எனப் பெயரிட்டார். மூளையின் முன்மடலையும் பக்கமடலையும் இணைக்கும் வலையமைப்பே அதற்கு அடிப்படை என்பது 2007இல் ஜங், ஹேயர் இருவரும் முன்வைத்த மாதிரி. ஆயினும், 8,000க்கும் மேற்பட்டோரின் தரவுகளைத் தொகுத்த 2015ஆம் ஆண்டு ஆய்வில், மூளையின் கன அளவுக்கும் நுண்ணறிவு மதிப்பெண்ணுக்கும் இடையிலான ஒட்டுறவு 0.24 மட்டுமே. அதாவது, மனிதருக்கிடையிலான மதிப்பெண் வேறுபாட்டில் ஏறத்தாழ 6 விழுக்காடே மூளையின் அளவோடு பொருந்துகிறது.

அந்த மூளையும் சமூகத்திற்கு வெளியே வளர்வதில்லை. அமெரிக்காவில் 1,099 சிறார்களையும் இளையோரையும் ஆராய்ந்த கிம்பர்லி நோபிள் குழுவினர், குடும்ப வருமானத்திற்கும் பெருமூளைப் புறணியின் பரப்புக்கும் தொடர்பிருப்பதை 2015இல் கண்டனர். மிக வறிய குடும்பங்களில் வருமானத்தின் சிறு வேறுபாடும் பெரிய பரப்பு வேறுபாட்டோடு இணைந்திருந்தது. இது தொடர்பே அன்றிக் காரணத்திற்கான முழுச் சான்று அன்று. எனினும், மூளையின் அமைப்பைப் பிறப்பின் முத்திரையாகக் கொள்வது தவறு என்பதை இது உணர்த்துகிறது.

மதிப்பெண்ணும் சூழலுக்கேற்ப மாறும். உத்தரப் பிரதேசச் சிற்றூர்களில் கார்லா ஹோஃப், பிரியங்கா பாண்டே இருவரும் பள்ளி மாணவர்களிடம் புதிர்ப்பாதைகளைத் தீர்க்கச் சொன்னார்கள். சாதி வெளியிடப்படாதபோது ஒடுக்கப்பட்ட சாதி மாணவர்கள் பிறருக்கு இணையாகத் தீர்த்தனர். அனைவர் முன்னும் சாதி அறிவிக்கப்பட்டதும் அவர்களது செயல்திறன் சரிந்தது. மாறியது மூளை அன்று, அறையின் சூழல்.

ஆகவே, மூளைப் படத்தைக் காட்டித் ‘தகுதி’ பேசுவோரிடம் நாம் மூன்று கேள்விகளை எழுப்ப வேண்டும்: தொடர்பு எவ்வளவு வலுவானது? யாருடைய மூளைகள் அளக்கப்பட்டன? அவை எந்த உணவில், எந்த வகுப்பறையில் வளர்ந்தன?