கத்னாவுக்கு முன் கேட்க வேண்டிய சில கேள்விகள்

கோடை விடுமுறை வந்துவிட்டால் நம் ஊர்களில் சுன்னத் பேச்சும் வந்துவிடும். வசதியுள்ளவர்கள் தனியார் மருத்துவமனைக்குப் போவார்கள். மற்றவர்கள் இலவச கத்னா முகாமில் பிள்ளையின் பெயரைக் கொடுப்பார்கள். அல்ஹம்துலில்லாஹ், பெரும்பாலான பிள்ளைகள் சில நாட்களிலேயே ஓடியாடத் தொடங்கிவிடுகிறார்கள். எங்கோ ஒரு பிள்ளைக்கு மட்டும் இரத்தம் நிற்பதில்லை. கட்டு மாற்றினாலும் ஊறுகிறது, தையல் போட்டாலும் கசிகிறது. செய்தவரின் கை சரியில்லை என்று பழி போடுகிறோம். கோளாறு பிள்ளையின் இரத்தத்திலேயே இருக்கலாம் என்பது நம்மில் பலருக்குத் தோன்றுவதில்லை.

காயம் பட்டால் இரத்தத்தை உறைய வைக்கப் பல புரதங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்கின்றன. மருத்துவர்கள் இவற்றை ஃபேக்டர் என்று எண்ணிட்டு அழைக்கிறார்கள். எட்டாவது ஃபேக்டர் குறைவாக இருந்தால் ஹீமோஃபிலியா ஏ, ஒன்பதாவது குறைந்தால் ஹீமோஃபிலியா பி. ஏ வகை ஏறக்குறைய 5000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு இருக்கிறது. வெளியே தெரியும் இரத்தத்தைவிட உள்ளே கசியும் இரத்தமே அதிகக் கெடுதல் செய்யும். முழங்கால், கணுக்கால், முழங்கை மூட்டுகளில் திரும்பத் திரும்பக் கசிந்து, சரியான சிகிச்சை இல்லாவிட்டால் பள்ளிப் பருவத்திலேயே பிள்ளை நொண்ட ஆரம்பித்துவிடுகிறான்.

இந்த நோயை முதலில் எழுதி வைத்தவர்களில் ஒருவர் நம் முன்னோர் என்பது பலருக்குத் தெரியாது. ஸ்பெயினின் குர்துபா அருகே வாழ்ந்து 1013-இல் மறைந்த அறுவை மருத்துவர் அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி, தமது ‘அத்தஸ்ரீஃப்’ நூலில், சிறு காயத்திலும் இரத்தம் நிற்காமல் ஆண்கள் இறந்துபோன ஒரு கிராமத்தைப் பற்றிக் குறிப்பிடுகிறார். அதே நூலில் சிறுவர்களுக்குக் கத்னா செய்யும் முறையையும் அவர் விளக்கியிருக்கிறார். அமெரிக்க மருத்துவர் ஜான் ஓட்டோ இதைப் பற்றி எழுதியது 1803-இல்தான்.

ஹீமோஃபிலியா எக்ஸ் குரோமோசோம் வழியாக வருகிறது. தாய் அதைச் சுமப்பவராக இருந்தால், ஒவ்வொரு மகனுக்கும் நோய் வர இரண்டில் ஒரு வாய்ப்பு. இதை வைத்து மருமகளைக் குற்றவாளி ஆக்கும் வீடுகள் இருக்கின்றன. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நோயாளிகளின் குடும்பத்தில் அதற்குமுன் யாருக்குமே இந்த நோய் இருந்ததில்லை. மரபணுவில் புதிதாக ஏற்பட்ட மாற்றமே காரணம். அந்தப் பெண்ணை ஏசுவது அறியாமை, அநியாயமும்கூட.

சொந்தத்தில் திருமணம் செய்வதால் ஹீமோஃபிலியா கூடுவதில்லை. ஆனால் பதிமூன்றாவது ஃபேக்டர் குறைபாடு, இரத்தத் தட்டணுக்கள் எண்ணிக்கையில் சரியாக இருந்தும் ஒட்டிக்கொள்ளாத கிளான்ஸ்மன் நோய் போன்றவை, பெற்றோர் நெருங்கிய உறவினராக இருந்தால் அதிகம் வரும். பெண் குழந்தைகளுக்கும் வரும். பச்சிளம் குழந்தையின் தொப்புள்கொடி விழும்போது இரத்தம் நிற்காமல் கசிந்தால், பதிமூன்றாவது ஃபேக்டரைச் சோதிக்கச் சொல்ல வேண்டும். வழக்கமான உறைதல் பரிசோதனைகளில் அது அகப்படாது.

எனவே முகாம் நடத்தும் சகோதரர்கள் பதிவுப் படிவத்தில் சில கேள்விகளைச் சேர்க்கலாம். தவழும் வயதில் காரணமின்றி நீலத் தழும்புகள் வந்தனவா? தடுப்பூசி போட்ட இடம் பெரிதாக வீங்கியதா? பல் விழுந்தபோது நெடுநேரம் இரத்தம் வந்ததா? தாயின் சகோதரருக்கோ அவர் சகோதரியின் மகனுக்கோ இப்படி நடந்ததுண்டா? ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும் பிள்ளையை அனுப்ப வேண்டிய இடம் குழந்தைகள் இரத்தவியல் நிபுணர். தட்டணு எண்ணிக்கை, பி.டி., ஏ.பி.டி.டி. ஆகியவை தொடக்கப் பரிசோதனைகள். ஏ.பி.டி.டி. மட்டும் நீண்டிருந்தால் ஃபேக்டர் அளவைப் பார்ப்பார்கள்.

ஓசூர்க்காரர்களுக்குப் பெங்களூரு 40 கிலோமீட்டர்தான். கர்நாடக அரசு மருத்துவமனைகளில் வெளிமாநிலத்தவருக்கு என்ன கிடைக்கும் என்பதை மட்டும் போகுமுன் கேட்டுவிட வேண்டும். நம் பக்கம் தமிழக அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ஃபேக்டர் ஊசி இலவசமாகக் கிடைக்கிறது. இருப்பைத் தொலைபேசியில் விசாரித்துக்கொள்வது நல்லது. வாணியம்பாடி, ஆம்பூர் தாண்டினால் வேலூர் சி.எம்.சி. அங்கே டாக்டர் அலோக் ஸ்ரீவஸ்தவா தலைமையிலான குழு 5 ஹீமோஃபிலியா ஏ நோயாளிகளுக்கு மரபணுச் சிகிச்சை அளித்து, கண்காணித்த காலத்தில் அவர்களுக்கு இரத்தக்கசிவே ஏற்படவில்லை என்று 2024 டிசம்பரில் அறிவித்தது. அவர்கள் பெரியவர்கள். குழந்தைகளுக்கு இப்போதைக்கு, கசியுமுன்பே முறையாகப் போடும் ஃபேக்டர் ஊசியும், ஏ வகைக்குத் தோலுக்கடியில் போடும் எமிசிசுமாப் ஊசியும்தான். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஹீமோஃபிலியாவும் இருப்பதால் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம்.

நோய் உள்ள பிள்ளைக்கு ஆஸ்பிரின், புரூஃபென் வேண்டாம்; வலிக்கும் காய்ச்சலுக்கும் பாராசிட்டமால் போதும். தசையில் ஊசி போட விடக்கூடாது. ஹிஜாமா சுன்னத்தாயிற்றே என்று யாராவது சொன்னாலும், தோலைக் கீறும் எதையும் இவர்களுக்குச் செய்வது ஆபத்து.

கத்னா? உயிருக்கு ஆபத்து என்று அஞ்சினால் அந்தக் கடமை விலகிவிடும் என்பதை இமாம் இப்னு குதாமா போன்றோர் முன்பே எழுதிவிட்டார்கள். இப்னுல் கையிமும் ‘துஹ்ஃபத்துல் மவ்தூத்’ நூலில் பலவீனமான குழந்தையைப் பற்றி இதையே சொல்கிறார். நோயைக் கண்டறிந்த பின், இரத்தவியல் மருத்துவர் மேற்பார்வையில் செய்துகொள்ளவும் வழி உண்டு. செய்யுமுன்பும் அதன்பின் பல நாட்களுக்கும் ஃபேக்டர் ஏற்ற வேண்டியிருக்கும். ஆகவே தேதி குறிக்குமுன் அவ்வளவு மருந்தும் மருத்துவமனையில் கையிருப்பில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.