கொடிகளின் பொருளும் வரலாற்றுக் கல்வியும்

பண்டைத் தமிழ்வேந்தர் மூவரும் வில்லும் கயலும் புலியும் தத்தம் கொடிகளிற் பொறித்திருந்தனர் என்பது யாவரும் அறிந்ததே. அரசர்க்குக் காவன்மரமும் இருந்தது. பகைவர் அம்மரத்தை வெட்டி வீழ்த்துவதை வெற்றியின் அடையாளமாகக் கொண்டனர். சேரன் இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன், கடலிடைத் தீவில் வாழ்ந்த பகைவரின் காவன்மரமாகிய கடம்பினை வெட்டி முரசு செய்வித்த செய்தியைப் பதிற்றுப்பத்து கூறும். ஒரு சாரார் வணங்கிய மரமே மற்றொரு சாரார்க்கு வெட்டத்தக்கதாயிற்று. எனவே, சின்னங்களைப் பற்றிய பிணக்கு இக்காலத்தில் மட்டும் தோன்றியதன்று.

இத்தகைய பிணக்கு தம் நாட்டில் எழும்போது அதனை நடுநின்று நோக்குதல் எவர்க்கும் அரிது. பிறநாட்டு வரலாற்றை விரும்பிக் கற்பதன் பயன்களுள் ஒன்று இவ்விடத்தே புலப்படும். விருப்பு வெறுப்பின்றி அங்கே ஆராய்ந்து பழகியவர், அதே முறையால் இங்குள்ளவற்றையும் ஆராயலாம். அமெரிக்க வரலாறு இதற்குப் பெரிதும் உதவுவது. ஈழத்துத் தமிழர்க்கு முற்றும் அயலானதும் அன்று. 1816இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிசனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையிலே உயர்கல்விக் கழகம் ஒன்றை நிறுவினர். மரக்குடிலிற் பிறந்து நாட்டின் தலைவரான ஆபிரகாம் லிங்கனின் கதை நம் மாணவர்க்கு நன்கு தெரிந்தது. அக்கதையோடு நில்லாது மேலும் கற்போர், அங்கே ஒரு கொடியின் கதையையும் காண்பர்.

அடிமை முறையை விடமறுத்த தென்மாநிலங்கள் பதினொன்று 1860, 1861ஆம் ஆண்டுகளில் ஐக்கியத்தினின்றும் பிரிந்து தனிக் கூட்டாட்சி அமைத்தன. அவ்வாட்சியின் உபதலைவர் அலெக்சாந்தர் ஸ்ரீவன்ஸ், கறுப்பினத்தார் வெள்ளையர்க்குச் சமமானோர் அல்லர் என்பதே தம் அரசின் மூலைக்கல் என 1861 மார்ச்சு மாதத்தில் வெளிப்படையாகக் கூறினார். அவ்வரசின் முதற்கொடி ஐக்கியக் கொடியை ஒத்திருந்தமையால், அவ்வாண்டு யூலையில் நிகழ்ந்த புல்ரன் போரிலே படைகளை வேறுபிரித்தறிவது கடினமாயிற்று. அதன்பின், செந்நிறத்தின்மேல் நீலநிறக் குறுக்குப் பட்டைகளும் நட்சத்திரங்களும் கொண்ட போர்க்கொடி தோன்றியது. ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டு 1865இல் யுத்தம் முடிந்தது.

போர் முடிந்தபின் இக்கொடி பெரும்பாலும் இறந்த வீரர்க்குச் செய்யும் நினைவுச் சடங்குகளிலேயே காணப்பட்டது. தெற்கின் படைத்தலைவர் ரொபேட் லீ, போரின் புண்களைத் திறந்து வையாதிருத்தலே நன்றென 1869இல் எழுதினார். ஆயின் கொடி அடங்கிவிடவில்லை. 1948இல் கறுப்பினத்தாரின் உரிமைகளை எதிர்த்த தென்னகக் கட்சியினர் அதனை உயர்த்தினர். பாடசாலைகளில் நிறப்பிரிவினை செல்லாதென உயர்நீதிமன்றம் 1954இல் தீர்ப்பளித்தது. 1956இல் ஜோர்ஜியா மாநிலம் தன் கொடியில் அப்போர்க்கொடியைச் சேர்த்துக்கொண்டது. 1960களின் தொடக்கத்திலே தென்கரோலைனாவின் சட்டமன்றக் கோபுரத்தில் அது ஏற்றப்பட்டது. 2000ஆம் ஆண்டில் கோபுரத்தினின்றும் இறக்கப்பட்டு வளவுக்குள் நாட்டப்பட்டது. 2015 யூனில் சார்ல்ஸ்ரன் தேவாலயத்திலே கறுப்பினத்தார் ஒன்பதின்மர் கொல்லப்பட்ட பின்னரே அங்கிருந்தும் அகற்றப்பட்டது.

தம் முன்னோரின் துயரத்தை அக்கொடியிற் காண்போர் உளர். தம் முன்னோரின் விலங்கினைக் காண்போரும் உளர். இருவரும் காண்பது ஒரே துணியை. ஆதலின் எந்தச் சின்னத்தைப் பற்றியும் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். அது முதலில் எதற்காக ஆக்கப்பட்டது? மறைந்த பின் மீண்டும் எக்காலத்தில், எவரால் உயர்த்தப்பட்டது? அதன்கீழ் இன்று நிற்போர்க்கு அது யாது கூறுகிறது? பழைமையை மட்டும் கூறி வாதிடுவோர் முதலாம் வினாவோடு நின்றுவிடுகின்றனர்.

இவ்வினாக்களோடு இலங்கையின் தேசியக் கொடியை நோக்குவோம். 1815இல் கண்டியரசு வீழ்ந்தபின் அதன் சிங்கக்கொடி இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது. முதிய படைவீரர் தங்கும் செல்சி அரச மருத்துவமனையில் இருந்த அதனை ஈ. டபிள்யூ. பெரேரா கண்டறிந்து, 1916இல் வெளியான தம் நூலில் விளக்கினார். அக்கொடிக்குரிய கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரமராசசிங்கன் தென்னிந்திய நாயக்கர் மரபினன் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது.

சுதந்திரம் நெருங்கியபோது, 1948 சனவரி 16இல், அச்சிங்கக்கொடியையே நாட்டின் கொடியாக்குமாறு பாராளுமன்றத்திற் பிரேரித்தவர் மட்டக்களப்புத் தொகுதியின் பிரதிநிதி முதலியார் ஏ. சின்னலெப்பை ஆவர். தமிழ் பேசும் முசுலிம் ஒருவர் சிங்கக்கொடியை வேண்டியது இன்று பலர்க்கு வியப்பளிக்கலாம். ஆயின் போர்த்துக்கேயரால் துரத்தப்பட்ட முசுலிம்களைக் கண்டியரசன் செனரத் 1626ஆம் ஆண்டளவிலே கீழ்க்கரையிற் குடியேற்றினான் என்ற செய்தியை நினைப்பின் வியப்பு நீங்கும். அக்கொடியில் அடைக்கலம் தந்த அரசொன்றின் அடையாளத்தைக் காணவும் இடமிருந்தது.

தமிழ்ப் பிரதிநிதிகள் ஆட்சேபித்தனர். எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்காவின் தலைமையில் குழுவொன்று நியமிக்கப்பட்டது; ஜீ. ஜீ. பொன்னம்பலம், ரி. பி. ஜாயா, செனற்றர் எஸ். நடேசன் ஆகியோரும் அதில் இருந்தனர். முசுலிம்களுக்குப் பச்சை, தமிழர்க்குச் செம்மஞ்சள் என இரு பட்டைகள் சேர்க்கப்பட்டு, 1951 மார்ச்சில் கொடி ஏற்கப்பட்டது. நடேசன் மட்டும் உடன்படவில்லை. சிங்கத்தைச் சூழ்ந்த மஞ்சட் கரை அப்பட்டைகளைப் புறத்தே நிறுத்துகின்றது. அக்கொடி ஒற்றுமைக்குச் சின்னமாகாது என்பது அவர் கருத்து. 1972இல் சிங்கத்தின் நாற்புறமும் அரசிலைகள் பொறிக்கப்பட்டன.

இரண்டாம், மூன்றாம் வினாக்களின் இன்றியமையாமை இங்கே விளங்கும். கொடி மீண்டும் உயர்ந்த 1948ஆம் ஆண்டிலேயே மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த சட்டமும் நிறைவேறியது. 1956இல் சிங்களம் மட்டும் அரசகரும மொழியாயிற்று. 1957 பெப்ரவரி 4ஆந் திகதி திருகோணமலையிலே கறுப்புக்கொடி ஏற்ற முயன்ற நடராசன் என்னும் இளைஞர் சுடப்பட்டு மாண்டார். இழந்த சுதந்திரம் மீண்டதெனச் சிங்கக்கொடியைக் கண்டு மகிழ்ந்த சிங்கள மக்களின் உணர்ச்சி பொய்யன்று. அதனருகே புறத்தே நிற்பதாக உணர்ந்தோரின் வருத்தமும் பொய்யன்று. அடைக்கலத்தை நினைவூட்டத்தக்க கொடியை ஐயத்துக்கு உரியதாக்கியவை சட்டங்களும் செயல்களுமே. சிங்கத்தின் வடிவம் அதற்குக் காரணமன்று.

கல்முனையிலிருந்து தெற்கே காரைதீவு, நிந்தவூர் கடந்து செல்வோர் அட்டாளைச்சேனையை அடைவர். வயலும் கடலும் சூழ்ந்த அவ்வூர் ஆசிரியர் பயிற்சிக்குப் பெயர்பெற்றது. அங்கே பயின்று வெளியேறும் இளம் ஆசிரியர் ஒருவரிடம், பெப்ரவரி 4ஆந் திகதி பாடசாலை முற்றத்திலே, கொடியில் நாங்கள் எங்கே இருக்கின்றோம் என ஒரு பிள்ளை வினவக்கூடும். பச்சைப் பட்டையைச் சுட்டிக்காட்டி அமைவது எளிது. வெறுப்பை ஊட்டுவதும் எளிது. சின்னலெப்பை கேட்டதையும், நடேசன் மறுத்ததையும், அவற்றின்பின் நிகழ்ந்தவற்றையும் ஒளியாது கூறுவதே ஆசிரியர்க்கு அழகு. தன் நாட்டின் புண்ணை மறையாது எழுதிய அமெரிக்க வரலாற்றாசிரியரின் நூல்களை விரும்பிக் கற்றவர்க்கு அவ்வாறு கூறும் துணிவு எளிதில் வாய்க்கும்.