‘வென்றது யார்?’ என்பது சட்டக் கேள்வி அல்ல

2025 ஜூன் 27 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ‘டிரம்ப் எதிர் காசா’ (CASA என்ற குடியேறிகள் உரிமை அமைப்பு) வழக்கில் 6-3 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. பிறப்புவழிக் குடியுரிமை வழக்கில் டிரம்புக்கு வெற்றி என்று செய்தி பறந்தது. எச்-1பி விசாவில் அங்கே வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இது வீட்டு விஷயம்தான். அவர்களுக்குப் பிறக்கப்போகும் பிள்ளைகளையும் வழக்குக்குக் காரணமான டிரம்பின் ஆணை விட்டுவைக்கவில்லை. ஆனால் அந்தத் தீர்ப்பைப் புரட்டிப் பார்த்தால், யாருக்குக் குடியுரிமை உண்டு, யாருக்கு இல்லை என்று அதில் முடிவே செய்யப்படவில்லை. அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தைப் படிக்க விரும்புகிறவர்களுக்கு நாளிதழைவிட நல்ல நுழைவாயில் கிடையாது. ஆனால் கிரிக்கெட் ஸ்கோர் கேட்பதுபோல யார் ஜெயித்தார் என்று மட்டும் கேட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு அந்த வாயில் திறக்காது. நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்ட கேள்வி எது என்று கேட்பதில்தான் படிப்பே தொடங்குகிறது.

இந்த வழக்கையே எடுத்துக்கொள்வோம். பதவியேற்ற 2025 ஜனவரி 20 அன்றே டிரம்ப் ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். தாய் சட்டவிரோதமாகவோ தற்காலிக விசாவிலோ அமெரிக்காவில் இருந்து, தந்தையும் குடிமகனாகவோ கிரீன் கார்டு உள்ளவராகவோ இல்லாவிட்டால், அங்கே பிறக்கும் குழந்தை குடிமகன் அல்ல என்றது அது. சியாட்டில், மேரிலாண்ட், மாசசூசெட்ஸ் நீதிபதிகள் நாடு முழுமைக்கும் அதற்குத் தடை விதித்தார்கள். உச்ச நீதிமன்றத்துக்குப் போன அரசு, ஆணை செல்லுமா என்று கேட்கவில்லை. வழக்குப் போடாதவர்களுக்கும் சேர்த்து ஒரு மாவட்ட நீதிபதி தடை வழங்கலாமா என்று மட்டும் கேட்டது. நீதிபதி ஏமி கோனி பாரெட் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு அதற்கு மட்டுமே விடை சொன்னது: 1789ஆம் ஆண்டின் நீதித்துறைச் சட்டம் அவ்வளவு அகலமான அதிகாரத்தைத் தந்ததாகத் தெரியவில்லை. பாதிக்கப்படுகிற எல்லோருக்காகவும் சேர்த்துத் தொடுக்கும் குழு வழக்கு என்ற பாதையைத் தீர்ப்பு அடைக்கவில்லை. ஜூலை 10 அன்று நியூ ஹாம்ப்ஷயர் நீதிபதி ஜோசப் லாப்லான்ட், பாதிக்கப்படக்கூடிய குழந்தைகளை ஒரு குழுவாக ஏற்று, மறுபடியும் ஆணையை நிறுத்திவைத்தார். ஜூன் மாதத் தலைப்பை மட்டும் படித்தவருக்கு இது புரியாத திருப்பம். தீர்ப்பைப் படித்தவர் இதை எதிர்பார்த்தே இருந்திருப்பார்.

குடியுரிமைக் கேள்விக்கு விடை தேடினால், செய்தி நம்மை 1898ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கு இழுத்துச் செல்லும். வோங் கிம் ஆர்க் சான் பிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்தவர், சமையல் தொழிலாளி. சீனாவுக்குப் போய்விட்டு 1895இல் திரும்பியவரை, நீ குடிமகன் அல்ல என்று சொல்லித் துறைமுகத்திலேயே தடுத்தார்கள். கரையில் கால் வைக்க விடாமல் சில மாதங்கள் கப்பலிலேயே அடைத்துவைத்தார்கள். சீனத் தொழிலாளர்கள் நுழையத் தடைவிதித்த 1882ஆம் ஆண்டுச் சட்டம் நடப்பில் இருந்த காலம் அது. அமெரிக்க மண்ணில் பிறந்து, அதன் அதிகார வரம்புக்கு உட்பட்ட அனைவரும் குடிமக்கள் என்கிறது 1868இல் வந்த 14ஆவது திருத்தம். வெளிநாட்டுத் தூதர்களின் பிள்ளைகள், ஆக்கிரமித்த எதிரிப் படையினரின் பிள்ளைகள், பழங்குடி இனங்களைச் சேர்ந்தவர்கள் போன்ற சிலரைத்தான் அந்த வரம்பு விலக்குகிறது என்று நீதிபதி ஹொரேஸ் கிரே விளக்கினார். வோங் 6-2 என்று வென்றார். ஆனால் அவருடைய பெற்றோர் அமெரிக்காவில் நிரந்தரமாகக் குடியிருந்தவர்கள் என்றும் கிரே எழுதிவைத்தார். அந்தக் குறிப்பைப் பிடித்துக்கொண்டுதான், தற்காலிகமாக வந்தவர்களுக்கு அந்தத் தீர்ப்பு பொருந்தாது என்று டிரம்ப் அரசு வாதாடியது. 1898ஆம் ஆண்டுத் தீர்ப்பின் ஒரு குறிப்பு, ஜனாதிபதி ஆணையின் தலையெழுத்தைத் தீர்மானிக்கும் வாதமாகிவிட்டது.

‘இதெல்லாம் வெறும் மேற்பூச்சு, நியமித்த கட்சிக்கேற்ப நீதிபதிகள் கை தூக்குகிறார்கள், சட்டத்தைப் படித்து என்ன பயன்?’ என்ற கேள்வி எழும். காசா வழக்கில் கட்சி வழியாகவே அணி பிரிந்தது உண்மை, அதை மறைப்பதற்கில்லை. ஆனால் இந்த ஆணையை முதன்முதலில் நிறுத்திய சியாட்டில் நீதிபதி ஜான் கோகெனவர் ரீகன் நியமித்தவர். லாப்லான்ட் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் நியமித்தவர். இருவருமே குடியரசுக் கட்சி ஜனாதிபதிகளின் தேர்வு. வோங்கின் பழைய வழக்கிலும் இப்படித்தான். 1896இல் கறுப்பினத்தவரைப் பிரித்துவைக்கும் சட்டத்தைத் தனி ஆளாக எதிர்த்த உச்ச நீதிமன்ற நீதிபதி ஜான் மார்ஷல் ஹார்லன், இரண்டே ஆண்டில் வோங்குக்கு எதிரான பக்கம் நின்றார். அரசியல் சில வழக்குகளை விளக்கும். எல்லா வழக்கையும் விளக்காது. எதை விளக்குகிறது, எங்கே தோற்கிறது என்று பிரித்தறியவாவது தீர்ப்பைப் படித்தாக வேண்டும்.

செய்தியைத் துரத்தினால் பரபரப்பான பகுதிகள் மட்டுமே மனதில் நிற்கும், அடிப்படைகள் விட்டுப்போகும் என்பது ஆசிரியர்கள் எழுப்பக்கூடிய ஆட்சேபம். இதில் நியாயம் உண்டு. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் வணிக அதிகாரம், மாநில உரிமைகள் போன்றவற்றுக்கு ஒழுங்கான பாடத்திட்டம்தான் வழி. செய்தி அதற்கு மாற்றாகாது. ஆனால் அந்தப் பாடத்திட்டத்துக்கு உயிர் வருவது செய்தியால்தான். நீதித்துறைச் சட்டத்தையும், பழைய இங்கிலாந்துச் சான்சரி நீதிமன்றத்தின் அதிகாரத்தையும் ஆசையாகப் படிக்கிறவர் எத்தனை பேர்? காசா தீர்ப்பு நின்றதே அந்த வறண்ட பக்கங்களின் மேல்தான். 1870களில் ஹார்வர்டில் கிறிஸ்டபர் லாங்டெல் வேரூன்ற வைத்த வழக்குவழிக் கல்வியும், விதியை மனப்பாடம் செய்வதைவிட அது பிறந்த தகராறைப் படிப்பது மேல் என்ற நம்பிக்கையில் எழுந்ததுதான்.

வலுவான ஆட்சேபம் இன்னொன்று உண்டு. 1973இல் ரோ வழக்கில் கருக்கலைப்புக்குக் கிடைத்த உரிமையை, 2022இல் டாப்ஸ் வழக்கில் அதே நீதிமன்றம் ரத்து செய்தது. 49 ஆண்டு நின்றதே சாயும்போது, பழைய தீர்ப்புகளைப் படிப்பது வீண்வேலை இல்லையா? இல்லை. முன்தீர்ப்பைத் தூக்கியெறிய நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. காரணம் எழுதாமல் எறிய முடியாது. எழுதிய காரணம் அடுத்த வழக்கில் அதே நீதிபதிகளைக் கட்டும், அல்லது அவர்களின் முரணைக் காட்டிக்கொடுக்கும். பழைய தீர்ப்பில் என்ன இருந்தது என்று தெரிந்தவரால்தான் புதிய காரணத்தின் ஓட்டையைச் சுட்ட முடியும். தெரியாத குடிமகனுக்கு, தன் கட்சி வென்றால் நீதி, தோற்றால் சதி என்ற இரண்டு முடிவுகள்தான் மிஞ்சும். ஆகவே அடுத்த பெரிய தீர்ப்பு வரும் நாளில் கேட்க வேண்டியவை மூன்று: நீதிமன்றம் எந்தக் கேள்விக்கு விடை சொன்னது, எதைச் சொல்லாமல் விட்டது, எந்தப் பழைய தீர்ப்பின் மேல் நின்று சொன்னது. இவற்றைக் கேட்கிற வாசகரை எந்தத் தலைப்புச் செய்தியாலும் ஏமாற்ற முடியாது.