திருச்சி டூ யாழ்ப்பாணம்: 184 கி.மீ. பறக்க ஒரு மணி நேரமா?

திருச்சி விமான நிலையத்துக்கும் யாழ்ப்பாணம் பலாலி விமான நிலையத்துக்கும் இடையே நேர்கோட்டுத் தூரம் சுமார் 184 கி.மீ.தான். இந்த ரூட்டில் இண்டிகோ இயக்கும் ஏடிஆர் விமானம் மணிக்கு ஏறத்தாழ 500 கி.மீ. வேகத்தில் பறக்கும். கணக்குப்படி 22 நிமிஷத்தில் இறங்கிவிடணும். ஆனால், டிக்கெட்டில் பயண நேரம் சுமார் ஒரு மணி நேரம். மீதி நேரம் எங்கே போகிறது?

டிக்கெட் நேரம் என்பது எது?

டிக்கெட்டில் இருப்பது வானில் பறக்கும் நேரம் மட்டுமல்ல. நிறுத்தத்தில் இருந்து விமானம் நகரத் தொடங்குவது முதல், போய்ச் சேர்ந்த இடத்தில் முழுசாக நிற்பது வரையிலான நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, காற்றின் திசை பார்த்து வளைந்து இறங்குவது எல்லாம் இதில் அடக்கம். ஏறும்போதும் இறங்கும்போதும் முழு வேகம் கிடைக்காது. சின்ன தூரத்தில் இந்த வேலைகளே பாதி நேரத்தைத் தின்றுவிடும்.

சென்னை - யாழ்ப்பாணம் தூரம் சுமார் 356 கி.மீ., அதாவது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஆனால், பறக்கும் நேரத்தில் கூடுவது ஏறக்குறைய 20 நிமிஷம்தான்.

வீட்டிலிருந்து கணக்குப் போட்டால்?

தூரம் கம்மி என்றாலும் இது சர்வதேசப் பயணம். இரண்டரை முதல் மூன்று மணி நேரம் முன்பே ஏர்போர்ட்டில் இருக்கணும். பறக்க ஒரு மணி நேரம். குடியுரிமைச் சோதனை, லக்கேஜுக்கு முக்கால் மணி நேரம். பலாலியில் இருந்து யாழ்ப்பாணம் டவுனுக்கு அரை மணி நேரம். ஆக மொத்தம் சுமார் ஐந்து மணி நேரம்.

அப்புறம் என்ன லாபம்?

லாபம் வேகத்தில் இல்லை, சுற்றாமல் போவதில் இருக்கிறது. நேரடி சேவை இல்லையென்றால் கொழும்பு வழியாகத்தான் பறக்கணும். திருச்சியிலிருந்து தெற்கே 400 கி.மீ.க்கு மேல் போய், மறுபடியும் வடக்கே ரயிலிலோ பஸ்ஸிலோ ஏறக்குறைய 400 கி.மீ. திரும்பி வரணும். அந்தத் தரைவழிப் பயணத்துக்கு மட்டும் ஏழு, எட்டு மணி நேரம் ஆகலாம்.

நாகப்பட்டினம் - காங்கேசன்துறை கப்பலும் இருக்கிறது. கடலில் சுமார் நான்கு மணி நேரம். ஆனால், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சேவை நிறுத்தப்படுவது வழக்கம்.

புது ரூட்டா இது?

பலாலிக்கும் தமிழ்நாட்டுக்கும் விமானத் தொடர்பு பழசு. 1947 டிசம்பரில் ஏர் சிலோனின் முதல் விமானமே கொழும்பிலிருந்து இந்த வழியாகத்தான் சென்னைக்குப் பறந்தது. போர்க்காலத்தில் அறுந்துபோன தொடர்பு, 2019 நவம்பரில் சென்னை சேவையுடன் திரும்ப வந்தது. கொரோனாவால் நின்று, 2022 டிசம்பரில் மறுபடி தொடங்கியது. திருச்சி - யாழ்ப்பாணம் சேவை 2025 மார்ச் 30-ல் ஆரம்பம்.

புக் பண்ணும் முன்...

* இரு ஊருக்கும் ஒரே கடிகாரம்தான். நேர வித்தியாசம் இல்லை.
* சேவைகள் குறைவு. தவறவிட்டால் அடுத்த விமானம் சில மணி நேரத்தில் வராது. அன்றைய அட்டவணையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.
* பாஸ்போர்ட்டோடு, இலங்கையின் இ-விசா விதிகளை அந்நாட்டு அரசின் அதிகாரபூர்வ இணையதளத்தில் சரிபாருங்கள்.
* திரும்பி வரும் அன்றே ரயில் பிடிப்பதாக இருந்தால், டிக்கெட்டில் உள்ள இறங்கும் நேரத்துக்குப் பிறகு குறைந்தது மூன்று மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.