கண்ணுக்கென்றே ஒரு நர்ஸ்!

நர்ஸ் என்றால் ஊசி போடுவார், மாத்திரை கொடுப்பார் என்றுதான் நினைக்கிறோம். கண்ணுக்கென்றே தனியாக நர்ஸ் வேலை இருப்பது தெரியுமா?

நம்ம சேலம், நாமக்கல் பக்கம் தறி ஓட்டுபவருக்கும் சரி, லாரி ஓட்டுபவருக்கும் சரி, கண்தான் முதல். வயசானால் கண்ணில் பொரை விழும். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மங்கிப் போவதே கண்புரை. இது சொட்டு மருந்தில் கரையாது. ஆபரேஷன் செய்து செயற்கை லென்ஸ் வைக்க வேண்டும்.

ஆபரேஷன் செய்வது டாக்டர். மற்ற வேலைகள்? பார்வை சோதிப்பது, கண் அழுத்தம் பார்ப்பது, பாப்பா விரிய சொட்டு மருந்து விடுவது, கருவிகளைக் கிருமி நீக்குவது, வலது கண்ணா இடது கண்ணா என்று சரிபார்ப்பது எல்லாம் சிஸ்டர்கள்தான். வைக்கப்போகும் லென்ஸின் பவரைக் கணக்கிட கண்ணின் நீளத்தையும் அளப்பார்கள். அதில் 1 மில்லிமீட்டர் பிசகினால் பவர் சுமார் 2.5 டயாப்டர் மாறிவிடும்! ஆபரேஷன் நன்றாக முடிந்தும் பாட்டிக்குப் பார்வை தெளியாது.

1976-ல் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அங்கே பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து, உதவித்தொகையும் கொடுத்து, 2 வருஷம் பயிற்சி தருகிறார்கள். ஆபரேஷன் தியேட்டரில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மேஜை. ஒன்றில் ஆபரேஷன் நடக்கும்போதே அடுத்தவரை இன்னொன்றில் சிஸ்டர்கள் தயார் செய்துவிடுவார்கள். டாக்டரின் நேரம் வீணாவதில்லை. அதனால்தான் காசில்லாத ஏழைகளுக்கும் அங்கே ஆபரேஷன் செய்ய முடிகிறது. இப்போது சேலத்திலும் அரவிந்த் இருக்கிறது.

ஒன்றை மட்டும் மறந்துடாதீங்க. இந்தப் பயிற்சி கண் வேலைக்கு மட்டுமே. இதை முடித்தால் நர்ஸிங் கவுன்சிலில் பதிவு செய்ய முடியாது. எந்த ஆஸ்பத்திரியிலும் வேலை பார்க்கும் பதிவு பெற்ற நர்ஸாக வேண்டுமானால் 3 வருஷ டிப்ளமோ நர்ஸிங் அல்லது 4 வருஷ பி.எஸ்ஸி. நர்ஸிங் படித்துவிட்டு கண் பிரிவுக்குப் போகலாம். பி.எஸ்ஸி.க்கு பிளஸ் டூவில் உயிரியல் பாடம் அவசியம். ஆகவே பிளஸ் ஒன்னில் குரூப் எடுக்கும்போதே யோசிக்கணும். எங்கே சேர்ந்தாலும், எந்தச் சான்றிதழ் தருவார்கள், அது எங்கெல்லாம் செல்லும் என்று விசாரித்த பிறகே சேருங்கள்.

பொறுமையும், நடுங்காத கையும், அன்பான பேச்சும் இருக்கிறதா? இந்த வேலை உங்களுக்குத்தான்!