பழைய வேகன் வாங்குமுன்

கோலார் தங்கவயலின் பழைய குடியிருப்பு ஒன்றில் பியட் 1100 ஸ்டேஷன் வேகன் மலிவாகக் கிடைக்கிறதெனில், சீர்செய்து ஓட்டும் ஆசை எவருக்கும் எழும். கடன் கேட்டு வருவோரிடம் நாம் சொல்வது, விலையோடு கணக்கை நிறுத்தாதீர்கள் என்பதே.

இவ்வண்டிக்குத் தனி அடிச்சட்டம் கிடையாது. உடற்கூடே சுமை தாங்குகிறது. தரைத்தகட்டிலும் கதவடியிலும் துரு ஏறியிருப்பின் பெயிண்ட் அடித்துப் பயனில்லை. செலவின் பெரும்பகுதியைத் தகரவேலையே விழுங்கும். என்ஜின் உதிரிகளைப் பத்மினி வண்டிகளின் புண்ணியத்தில் தேடிப் பிடிக்கலாம். வேகனுக்கே உரிய பின்கதவும் பக்கக் கண்ணாடிகளும் அரியவை. அவை வண்டியில் உள்ளனவா என முதலில் காண்க.

பதிவுச் சான்றிலுள்ள சேசிஸ், என்ஜின் எண்கள் வண்டியோடு ஒத்திருத்தல் வேண்டும். தமிழகப் பதிவாயின், அங்குள்ள போக்குவரத்து அலுவலகத்தின் தடையின்மைச் சான்றைப் பெற்றபின்னரே பணம் தருக. 2021ஆம் ஆண்டு விதிகளின்படி, மூல வடிவம் மாறாத 50 ஆண்டு கடந்த வண்டியை விண்டேஜ் வாகனமாகப் பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் அதை அன்றாடம் ஓட்ட இயலாது.

இத்தகைய வண்டிக்கு வாகனக் கடன் பெரும்பாலும் கிட்டாது. எனவே சிலர் நகையை அடகு வைக்க முனைகின்றனர். நகைக்கடன் பொதுவாக ஓராண்டுக்குள் தீர்க்க வேண்டியது. தகரவேலை அவ்வளவு விரைவில் முடிவதில்லை. தங்கவயலில் இருந்துகொண்டு தங்கத்தை இழப்பானேன்? தொடர் வைப்பு முதிர்ந்தபின் வேலையைத் தொடங்கலாம். ஐந்தாண்டு கடந்த வண்டியின் காப்பீட்டு மதிப்பு நீங்களும் நிறுவனமும் பேசி முடிவுசெய்வது. ஆகவே பட்டறை ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள்.