மாட்டுங்காவின் மேடையும் தாராவியின் தெருவும்

மும்பைத் தமிழரின் கலைகளைப் பற்றி எழுதப்படுவன பெரும்பாலும் மாட்டுங்காவில் தொடங்கி மாட்டுங்காவிலேயே முடிந்துவிடுகின்றன. சண்முகானந்தா அரங்கும் அதன் கச்சேரிகளும், அங்கு இசை கற்று இந்தியா முழுவதும் பெயர் பெற்ற பாடகர்களும் அந்த எழுத்துகளில் தமக்குரிய இடத்தைப் பெற்றுவிடுகின்றனர். அந்த அரங்கிலிருந்து நடந்தே சென்றுவிடக்கூடிய தொலைவில் உள்ள தாராவியோ, திரைப்படங்களுக்குக் கதை கொடுத்த இடமாகப் பேசப்படும் அளவுக்குக் கலை பிறக்கும் இடமாகப் பேசப்படுவதில்லை. பிழைப்புக்காக ஊரை விட்டு வந்த மக்கள், அந்த நகரம் தங்களுக்குக் கொடுத்த வீட்டையும் வேலையையும் அண்டை வீட்டாரின் மொழியையும் கொண்டு ஆக்கிக்கொண்டவை என்ற வகையில் இவ்விரு பகுதிகளின் கலைகளும் ஒரே வரலாற்றின் இரு பக்கங்கள் என்பதால், ஒன்றை விட்டு மற்றொன்றை எழுதினால் அவ்வரலாறு பாதியாகவே நிற்கும்.

மாட்டுங்கா தமிழர் குடியிருப்பாக மாறியதற்கு ஒரு நோய் மறைமுகக் காரணமாக இருந்தது. 1896இல் பம்பாயில் பரவிய பிளேக், நெருக்கடியான பழைய நகரத்தைக் கலைத்து வடக்கே புதிய குடியிருப்புகளை அமைக்க வேண்டும் என்ற எண்ணத்தை ஆங்கில அரசுக்கு ஏற்படுத்தியது. அதற்காக 1898இல் நிறுவப்பட்ட நகர மேம்பாட்டு அறக்கட்டளை தாதர், மாட்டுங்கா, சயான் பகுதிகளில் மனை பிரித்துச் சாலை போட்டது. அங்கு எழுந்த அடுக்குமாடி வீடுகளில், ஆங்கிலக் கல்வியும் தட்டச்சும் கற்று அலுவலக வேலைக்கு வந்த தென்னிந்தியர், அவர்களுள்ளும் சிறப்பாகப் பிராமணக் குடும்பத்தார், 1920களிலும் 1930களிலும் பெருமளவில் குடியேறினர். 1923இல் ஆஸ்திக சமாஜமும் 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கமும் தோன்றின. மாதச் சம்பளமும் கதவு சாத்திக்கொள்ளக்கூடிய ஓர் அறையும் இருந்த இடத்தில் பாட்டு வாத்தியார் வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுக்க முடிந்தது என்பது சாதாரணச் செய்தியாகத் தோன்றினாலும், மாட்டுங்காவின் இசை வரலாறு முழுவதும் அந்த ஓர் அறையின் மேல்தான் நிற்கிறது.

நடனமும் இவ்வாறே வந்தது. பரதநாட்டியத்தைக் கற்பித்து, தாளத்தைக் கையில் ஏந்தி, சொற்கட்டுகளை உரக்கச் சொல்லி ஆட்டத்தை நடத்தும் ஆசிரியரான நட்டுவனார், இசை வேளாளர் குலத்தில் வழிவழியாகத் தம் கலையைக் காத்தவர். தேவதாசி முறைக்கு எதிரான சட்டங்களும் மாறிவந்த சமூக மதிப்பீடுகளும் கோயிலையும் பெருநிலக்கிழாரையும் நம்பிய பழைய வாழ்வைக் குலைத்தபோது, நட்டுவனார் பலர் நகரங்களை நோக்கி நகர நேர்ந்தது. தஞ்சை மண்ணின் திருவிடைமருதூர் மரபைச் சேர்ந்த ஏ.டி. கோவிந்தராஜ பிள்ளையும் அவர் துணைவியார் கருணாம்பாளும் 1945இல் மாட்டுங்காவில் ஸ்ரீ ராஜராஜேஸ்வரி பரதநாட்டியக் கலா மந்திரைத் தொடங்கினர். மூத்த ஆசானான குப்பையா பிள்ளையும், பின்னர் அவர் மக்கள் மகாலிங்கம் பிள்ளையும் கல்யாணசுந்தரம் பிள்ளையும் அங்கு கற்பித்தனர். ஒரு குருகுலத்துக்கே உரிய அடவு முறையையும் அபிநயப் போக்கையும் பாணி என்பர். திருவிடைமருதூர்ப் பாணி தன் சொந்த ஊரில் பெறாத அளவுக்கு மாணவர் கூட்டத்தை மும்பையில் பெற்றது என்றால் அது மிகையாகாது. அம்மாணவருள் தமிழ் அறியாத மராட்டிய, குஜராத்திப் பெண்களும் இருந்தனர்.

உறுப்பினர் சந்தாவைக் கொண்டு கச்சேரிகளை நடத்தும் கலை மன்றமே சபா. 1952இல் தொடங்கப்பட்ட ஸ்ரீ சண்முகானந்தா நுண்கலை மற்றும் சங்கீத சபா, 1963இல் கிங்ஸ் சர்க்கிளை அடுத்து மூவாயிரம் பேர் அமரக்கூடிய அரங்கை எழுப்பியது. 1990இல் நேர்ந்த தீவிபத்தில் அது எரிந்துபோயிற்று. அன்பர்களின் நன்கொடையோடு மீண்டும் கட்டி எழுப்பப்பட்டு 1998இல் திறக்கப்பட்டது. டிராம்பேயின் அணு ஆராய்ச்சி நிலையமும் அதைச் சுற்றிய தொழிற்சாலைகளும் செம்பூருக்குத் தமிழ்க் குடும்பங்களை அழைத்துவந்த காலத்தில், 1962இல், அங்கும் நுண்கலைச் சங்கம் ஒன்று பிறந்து இசையும் நடனமும் கற்பிக்கும் பள்ளியாகவும் வளர்ந்தது.

இந்தப் பின்னணியில் உருவான கலைஞரைத் தனித்தனியே பாராட்டுவதைவிட, அவர்களைக் கற்பித்தவர் வழியே பார்ப்பது பயனுடையது. எச்.ஏ.எஸ். மணி என்ற கருநாடக இசை ஆசிரியரிடம் மும்பையில் பாடம் கேட்ட சரோஜாவும் லலிதாவும்தான், பின்னர் சென்னைக்குச் சென்று முசிறி சுப்பிரமணிய ஐயரிடம் கற்று, பம்பாய் சகோதரிகள் என்று புகழ்பெற்றவர்கள். அதே மணிக்கும், அவரைப் போலவே இசைவாணியான அலமேலுவுக்கும் பிறந்த மகன் ஹரிஹரன், உஸ்தாத் குலாம் முஸ்தஃபா கானிடம் இந்துஸ்தானி கற்று, உருதுக் கஜல்களுக்குத் தன் குரலைக் கொடுத்தார். டி.ஆர். பாலாமணியிடம் பயின்றவர்களுள் ஒருவரான ஜெயஸ்ரீ, லால்குடி ஜெயராமனிடம் மேலும் கற்றுச் சென்னையின் முதன்மைப் பாடகியருள் ஒருவரானார். பம்பாய் என்ற ஊரின் பெயர் அவர் பெயரோடு இன்றும் ஒட்டியிருக்கிறது. பாலாமணியின் மற்றொரு மாணவர், செம்பூரில் வளர்ந்த சங்கர் மகாதேவன். 1967இல் முதன்முதலாக மேடையேறிய ‘கட்யார் காள்ஜாத் குஸலி’ என்ற மராட்டிய இசை நாடகம் 2015இல் திரைப்படமானபோது, அதில் மராட்டிய இசைப் புலவராக நடித்துப் பாடியவர் இவரே. மராட்டிய மக்கள் தம் பெருமையாகக் கருதும் நாட்டிய சங்கீதம் என்னும் நாடக இசையைப் பாடும் பாத்திரம் ஒரு செம்பூர்த் தமிழரிடம் ஒப்படைக்கப்பட்டது, அண்டை வீட்டாரின் இசையோடு கூடி வளர்ந்த ஒரு தலைமுறைக்குக் கிடைத்த மதிப்பு என்றே கொள்ளத்தக்கது.

இவ்வகைக் கலப்பின் மிக அழகிய விளைவை அருணா சாய்ராமின் கச்சேரிகளில் கேட்கலாம். 1952இல் மும்பையில் பிறந்த அவர், தம் தாய் ராஜலட்சுமியிடமும், வீணை தனம்மாளின் பேத்தியான டி. பிருந்தாவிடமும் கற்றவர். பிருந்தாவின் பாடமுறை கருநாடக இசையிலேயே மிகக் கட்டுப்பாடானது. அந்தக் கட்டுப்பாட்டில் வளர்ந்தவர், சிறுவயதில் மும்பையில் கேட்ட அபங்கங்களைக் கச்சேரியின் பின்பகுதியில் பாடத் தொடங்கியபோது கேட்டோர் மகிழ்ந்து வரவேற்றனர். அபங்கம் என்பது நாமதேவர், துக்காராம் முதலிய மராட்டிய அடியார்கள் பண்டரிபுரத்து விட்டலன்மேல் பாடிய பாட்டு. இது தமிழருக்கு முற்றிலும் புதியதும் அன்று. 1676 முதல் 1855 வரை மராட்டியர் ஆண்ட தஞ்சையில், பஜனை மரபினர் அபங்கங்களைப் பாடிவந்தனர். மராட்டியம் தஞ்சைக்கு வந்து விட்டுச்சென்ற ஒன்றை, மராட்டிய நாட்டுக்குச் சென்ற தமிழ்க் குடும்பத்துப் பெண் மீண்டும் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தார் என்பது, மரபு என்ற சொல்லைத் தூய்மை என்ற பொருளில் வழங்குவோர் நின்று எண்ண வேண்டிய செய்தி.

தாராவியின் கதை வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சதுப்பு நிலத்தின் ஓரத்தில் தோல் பதனிடும் தொழில் அங்கே வேரூன்றியபோது, அதற்குத் தமிழ்நாட்டிலிருந்து, சிறப்பாகத் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து, முஸ்லிம்களும் ஆதிதிராவிட மக்களும் வந்தனர். பின்னர் நாடார் முதலிய பிற குலத்தாரும் வந்து கடை வைத்தனர். மாட்டுங்காவின் அடுக்குமாடிக்கும் தாராவியின் கோலிக்கும், அதாவது ஒற்றை அறை வீட்டுக்கும், இடையே இருந்தது வருமான வேறுபாடு மட்டுமன்று, சாதி வேறுபாடுமாகும். பாட்டு வாத்தியாரை அமர்த்த அங்கே பணமும் இல்லை, அமரவைக்க இடமும் இல்லை. ஆகவே தாராவியின் கலை வீட்டுக்குள் வளராமல் தெருவிலும் கோயில் முற்றத்திலும் வளர்ந்தது. தொண்ணூறு அடிச் சாலையில் பெண்கள் வரிசையாக அடுப்பு மூட்டிப் பொங்கலிடும் தைத் திருநாள் இந்நகரம் முழுவதும் அறிந்த காட்சி. அந்தச் சாலையே அன்று கோலமிடும் தரையாகவும், மேளம் முழங்கும் களமாகவும் மாறுகிறது. இத்தகைய விழாக்களில் இசைப்போரின் பெயர்களை எந்தச் சபாவின் ஆண்டு மலரும் பதிவு செய்வதில்லை என்பது வருந்தத்தக்கது.

தாராவியைத் தமிழ்நாடு அறிந்தது திரையின் வழியாகவே. 1987இல் வெளிவந்த ‘நாயகன்’ படத்துக்காகக் கலை இயக்குநர் தோட்டா தரணி சென்னையில் அமைத்த தாராவி, அவருக்குத் தேசிய விருதைப் பெற்றுத்தந்தது. அதன் நேர்த்தியில் ஐயமில்லை, ஆயினும் அது வெளியிலிருந்து தீட்டப்பட்ட சித்திரம். 2018இல் பா. ரஞ்சித் இயக்கிய ‘காலா’ வந்தபோது நிலைமை ஒரு முக்கியமான வகையில் மாறியிருந்தது. அப்படத்தின் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன், தாராவியின் இளைஞர் குழுவான டோப்அடெலிக்ஸை அழைத்துவந்தார். அக்குழுவினர் ‘செம்ம வெயிட்டு’ முதலிய பாடல்களை எழுதுவதிலும் பாடுவதிலும் பங்கேற்றுப் படத்திலும் தோன்றினர். பேசப்படும் பொருளாக மட்டும் இருந்த பகுதி, தமிழ்த் திரையில் தானே பேசத் தொடங்கியது.

டோப்அடெலிக்ஸ் குழுவினர் கையாளும் கலை ராப், தமிழில் சொல்லிசை எனப்படுவது. இது 1970களில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், இசைக்கருவி வாங்க வசதியற்ற கறுப்பின, இலத்தீன் அமெரிக்க இளைஞரிடையே தோன்றிய ஹிப்ஹாப் பண்பாட்டின் ஒரு கூறு. கணினியிலோ கைப்பேசியிலோ அமைத்த தாளக்கட்டாகிய பீட் ஓட, அதன்மேல் எதுகையும் இயைபும் பொருந்த வேகமாகச் சொல்லிச் செல்வது அதன் இயல்பு. வட்டமாக நின்று ஒருவர்பின் ஒருவராக அந்த இடத்திலேயே கட்டிப் பாடும் பயிற்சியைச் சைஃபர் என்பர். அரங்கும் வாத்தியமும் வேண்டாத இக்கலை தாராவியில் வேர்பிடித்ததில் வியப்பில்லை. வியப்புக்குரியது அதன் மொழி. டோப்அடெலிக்ஸும் செவன் பண்டாயிஸ் என்ற மற்றொரு குழுவும் இந்தி, மராட்டி, தமிழ், ஆங்கிலம் ஆகியவற்றுள் எதையும் விலக்காமல் பாடுகின்றனர். ஒரே பாட்டுக்குள் மொழி மாறுவதும் உண்டு. தாராவியின் சந்துகளில் பேச்சு அப்படித்தான் நடக்கிறது என்பதால் இது பாட்டுக்காகச் செய்த அலங்காரம் அன்று. தன் அஞ்சல் குறியீட்டின் கடைசி இரண்டு எண்களைப் பெருமையுடன் ‘கோட் மும்பை 17’ என்று பாட்டுக்குத் தலைப்பாக்கிய எம்.சி. அல்தாஃபும் இப்பகுதியில் வளர்ந்தவரே. 2015 அளவில் தொடங்கிய தாராவி டிரீம் புராஜெக்ட் என்ற அமைப்பு, பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்குச் சொல்லிசையையும் பிரேக் நடனத்தையும் கட்டணமின்றிக் கற்பித்துவருகிறது.

தாராவியின் கைவினையும் இக்காலக் கலையைத் தொட்டிருக்கிறது. 2015இல் மகாராஷ்டிர அரசு காளை வதையைத் தடைசெய்தபின் தோல் தொழிலாளர் பலர் வேலை இழந்த சூழலில், சுதீர் ராஜ்பர் என்ற ஓவியர், கழிவு ரப்பரைக் கொண்டு பைகளையும் நாற்காலிகளையும் செய்யும் சமார் ஸ்டுடியோவைத் தொடங்கி, இழிவாகக் கருதப்பட்ட சாதிப் பெயரையே பெருமையின் முத்திரையாக்கினார். தடை வந்த அதே 2015இல் ஸ்னேகா என்ற தொண்டு நிறுவனம் நடத்திய தாராவி பினாலே, அப்பகுதி மக்களே உடல்நலம் பற்றிச் செய்த கலைப்பொருள்களைச் சந்துகளில் காட்சிக்கு வைத்தது; 2016இல் தள்ளுவண்டி வடிவில் ஒரு வடிவமைப்பு அருங்காட்சியகமும் வந்தது. நல்ல முயற்சிகள்தாம், ஆனால் திட்டமாக வருபவை திட்டம் முடிந்ததும் போய்விடுகின்றன.

இவ்விடத்தில், திட்டத்தோடு முடிந்துபோகாத ஆதரவுக்கு எடுத்துக்காட்டாக, பிலிப்பைன்ஸ் நாட்டின் நடைமுறை ஒன்றை அறிவது உதவும். அந்நாடு 1972 முதல் ஓவியம், இலக்கியம், இசை முதலியவற்றில் சிறந்தோரைத் தேசியக் கலைஞர் என்று போற்றிவருகிறது; அவ்விருதை முதலில் பெற்றவர் ஓவியர் பெர்னாண்டோ அமோர்சோலோ. ஆனால் நகரத்தின் கலைக்கூடங்களுக்கு வெளியே, மலைகளிலும் தீவுகளிலும் வாழும் குடிகளின் கலைஞர் அந்த விருதின் பார்வைக்குள் வரவில்லை என்று உணர்ந்து, 1992இல் தனிச் சட்டம் ஒன்றை இயற்றி, ‘மன்லிலிக்ஹா நங் பாயான்’ என்ற பட்டத்தை ஏற்படுத்தியது. 1993இல் அதை முதலில் பெற்ற மூவருள் ஒருவர் கினாவ் பிலோக், மூங்கிலில் தம் பழங்குடி எழுத்தில் கவிதை பொறித்துக் காத்த மாங்கியான் இனத்தவர். 1998இல் அதைப் பெற்ற லாங் துலாய், வாழை இனத்தைச் சேர்ந்த அபாக்கா நாரில் துணி நெய்த திபோலி இனப் பெண்மணி. பட்டத்தோடு மாத உதவித்தொகையும் உண்டு; அதைப் பெற்றவர் தம் கலையை இளையோருக்குக் கற்பிக்க வேண்டும் என்ற கடமையும் உண்டு. மரியாதையையும் பாடத்தையும் ஒரே சட்டத்தில் இணைத்த இந்த அறிவு மும்பைக்குப் பொருந்தாமல் போகாது.

தாராவியின் மறுசீரமைப்புப் பணிக்கான ஒப்பந்தப்புள்ளியை 2022இல் அதானி குழுமம் வென்றதிலிருந்து, அங்கே யாருக்கு எத்தனை சதுர அடி என்ற கேள்வியே எங்கும் பேசப்படுகிறது. அது வாழ்வாதாரக் கேள்வி, முதலில் தீர வேண்டியதும் அதுவே. ஆயினும் பொங்கலிடவும் மேளம் அடிக்கவும் சொல்லிசை பயிலவும் இடமில்லாத அடுக்குமாடிகள் எழுந்துவிட்டால், தெருவில் வளர்ந்த ஒரு கலை வாழ்வு தெருவோடு சேர்ந்தே போய்விடும். திட்டம் தீட்டுவோர் பொது முற்றங்களையும், மக்கள் தாமே நடத்தும் ஒரு சிறு அரங்கையும் வரைபடத்தில் இப்போதே குறிக்க வேண்டும். மாட்டுங்கா, செம்பூர்ச் சபாக்கள் தங்கள் ஆண்டு விழாக்களில் ஒரு மாலைப் பொழுதைத் தாராவியின் மேளக்காரருக்கும் சொல்லிசைக் குழுக்களுக்கும், மற்றக் கலைஞருக்குக் கொடுக்கும் அதே சன்மானத்துடன், ஒதுக்க வேண்டும்.